தில்லையம்மாள் வாங்கிய பதினாறு

தில்லையம்மாள் இங்கிலீஷ் பரீட்சையில் பதினாறு மார்க்கு வாங்கிவிட்டாள் என்று வம்பாக்கீரப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு பூந்தி கொடுத்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அவள் தேறவில்லை என்று சர்க்கார் கடிதம் வந்தது புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த ஒரு பொழுது ஏமாந்து சிரித்துக்கொண்டு இருந்தோமே என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். வராமல் என்ன செய்யும்? பூந்தி இரண்டு படி.

அது 1958ஆம் வருஷம். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் நாலு வருஷம் ஆகப்போகிறது. கொடியை ஒரு காலையில் இறக்கிவிடலாம். பாஷையை அப்படி இறக்க முடியுமா? பாண்டிச்சேரிப் பள்ளிக்கூடங்களில் பாதி வகுப்புகள் அப்போதும் பிரெஞ்சில்தான் நடந்தன. அப்படி ஒரு பெண்கள் பள்ளியில் தில்லையம்மாள் ஆறு வருஷமாக டீச்சர். அப்பா முருகையன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். அம்மா கன்னியம்மாள் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அந்தத் தெருவிலிருந்து பிரெவே என்கிற பிரெஞ்சுப் படிப்பை முடித்து, காலில் செருப்பும் கையில் குடையுமாக வேலைக்குப் போன முதல் பெண் இவள்தான். இருபத்தெட்டு வயசாகியும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றித் தெரு பேசியது. வேலை இருந்ததால் அந்தப் பேச்சு வாசலோடு நின்றது.

அந்த வருஷம் ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பிரெஞ்சில் படித்த ஆசிரியர்கள் எல்லாரும் இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும், தேறாதவர்களுக்கு ஜூன் முப்பதோடு வேலை கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. பரீட்சையின் பாடம் என்ன தெரியுமா? இங்கிலீஷ் சொற்களும் மரபுத் தொடர்களும், அவற்றின் பொருளும் பிறப்பும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தருகிறவளுக்கு இங்கிலீஷ்காரன் எந்தக் காலத்தில் எதை நினைத்து என்ன சொன்னான் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? இதை யார் யாரிடம் கேட்பது? சம்பளம் கொடுக்கிறவன் கேட்கிறான், பதில் எழுத வேண்டியதுதான்.

தில்லையம்மாள் நாலு மாசம் படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்குக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. முதல் வாரத்திலேயே அவள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். இங்கிலீஷ் இங்கிலீஷ் என்று இவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற பாஷையில் பாதி, அவள் பத்து வயசிலேயே படித்த பிரெஞ்சு. ஆட்டை மேய்த்தவன் இங்கிலீஷ்காரக் குடியானவன், அதனால் அது மேயும்போது ஷீப். அதைச் சமைத்துத் தின்றவன் பிரெஞ்சு பேசிய துரை, அதனால் தட்டில் விழுந்ததும் மட்டன். பிரெஞ்சில் ஆட்டுக்கு மூத்தோன் என்று அவள் எத்தனையோ தடவை சொன்ன அதே வார்த்தை. கர்ஃப்யூ என்று போலீஸ்காரன் மிரட்டுகிறானே, அது அடுப்பு நெருப்பை மூடு என்று பிரெஞ்சில் சொன்ன கூவ்ரஃபூ. மெழுகுவத்தியை இரண்டு முனையிலும் கொளுத்துகிறான் என்று, உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவனைச் சொல்வார்களே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். எங்கள் வீட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பேர் வெட்டிவிட்டு, இது என்ன பாத்திரம் சொல் பார்க்கலாம் என்று எங்களையே கேட்கிறீர்களா என்று அவளுக்குத் தோன்றியது.

ஏப்ரல் கடைசியில் பரீட்சை நடந்தது. எழுதியவர்கள் பன்னிரண்டு பேர், கேள்விகள் ஐந்து. அதில் ஒரு கேள்வி ‘கேட்டமரான்’ என்ற சொல்லின் பிறப்பை எழுதச் சொன்னது. தில்லையம்மாள் கேள்வித்தாளை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாள். கட்டுமரம். அவள் அப்பா அன்று காலை நாலு மணிக்கு அதில்தான் போயிருந்தார். எத்தனை மரம், எது நடுமரம், எந்தக் கயிற்றால் எத்தனை கட்டு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதித் தள்ளினாள். பக்கத்து மேஜையில் இருந்த கன்னியப்பன் என்பவர், அது மலாய்த் தீவுகளில் திரியும் ஒருவகைக் காட்டுப்பூனை என்று எழுதியதாக வெளியே வந்து சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இன்னொரு கேள்வி, பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்று இங்கிலீஷ்காரன் சொல்வதைப் பற்றி. அப்போது எல்லார் கையிலும் புழங்கிய கைடு புத்தகத்தில் அதற்கு ஒரு கதை போட்டிருந்தது. அந்தக் காலத்தில் கூரை வீடுகளில் பூனையும் நாயும் கூரைமேல் படுத்திருக்குமாம், பெருமழையில் வழுக்கிக் கீழே விழுமாம். தில்லையம்மாளுக்கு அதைப் படித்தபோதே பற்றிக்கொண்டு வந்தது. கூரை வீட்டைக் கண்ணால் பார்க்காதவன் எழுதிய கதை அது. அவள் தெருவில் இருந்தது முழுக்கக் கூரை வீடு. ஐப்பசி மழையிலும் புயலிலும் கூரையே பறந்திருக்கிறது, ஒரு நாய்கூட விழுந்ததில்லை. எனவே பொருளை எழுதிவிட்டு, ‘இதன் பிறப்பு நிச்சயமாகத் தெரியவில்லை, கூரைக் கதையை நம்புவதற்கில்லை’ என்று முடித்தாள்.

விடைத்தாள்களை ஆறு ஆறாகப் பிரித்து இரண்டு பேரிடம் திருத்தக் கொடுத்தார்கள். முதல் ஆறு, சென்னைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தலைமையாசிரியரிடம் போனது. பின் ஆறு, ஊரே முசே என்று பிரெஞ்சு மரியாதையோடு அழைக்கும் ராஜாங்கத்திடம் போனது. முசே ராஜாங்கம் முப்பது வருஷம் பிரெஞ்சுக் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தில்லையம்மாளின் தாள் அவரிடம்.

ஜூன் மாசம், அந்தச் செவ்வாய்க்கிழமை, கல்வி அலுவலக வாசலில் இரண்டு தாள்களில் மார்க்கு ஒட்டினார்கள். முதல் தாளை ஆட்கள் மறைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவதில் தலைமாட்டிலேயே அவள் பெயர், நேராகப் பதினாறு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மார்க்கு என்றால் இருபதுக்குத்தான். பத்து வந்தால் மூச்சு விடலாம், பன்னிரண்டு வந்தால் வீட்டில் சொல்லலாம், பதினாறு வந்தால் கோயிலுக்குப் போகலாம். அவள் வேறு எதையும் பார்க்கவில்லை, நேரே பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தாள். அம்மா மீன் கூடையை அப்படியே பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு, ஈரக் கையோடு பூந்தி வாங்கப் போனாள்.

மறுநாள் கடிதத்தைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ‘நூற்றுக்குப் பதினாறு. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். முப்பதாம் தேதியோடு தங்கள் பணி முடிகிறது.’

“என்னாடி எழுதியிருக்கான்?” என்று கன்னியம்மாள் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருக்கான்” என்றாள் தில்லையம்மாள்.

கன்னியம்மாள் கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. “எம் பக்கத்துல கூடைய வச்சிக்கினு நீ ஒக்காரக் கூடாதுன்னுதான மழைலயும் வெயில்லயும் நான் ஒக்காந்தேன்” என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தில்லையம்மாள் சமாதானம் சொல்லியிருப்பாள். அழாததால் இவளுக்குத் தாங்கவில்லை, குடையைக்கூட எடுக்காமல் வெளியே கிளம்பிவிட்டாள்.

தெருமுனையில் கலியபெருமாள் எதிரே வந்தார். அவரும் அதே பரீட்சை எழுதியவர், வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். நாற்பத்தைந்து வயசு, நாலு பிள்ளைகள். அவர் கையிலும் ஒரு கடிதம் இருந்தது.

“ஒங்களுக்கும் வந்துடுச்சாண்ணே?”

“வந்துடுச்சும்மா. ரெண்டாவது தாள்ல இருந்த ஆறு பேருக்கும் வந்துடுச்சு. மொத தாள்ல எல்லாரும் பாஸு. அந்தப் பூனை எழுதுனாரே கன்னியப்பன், அவரு நாப்பத்துமூணு.”

பூனைக்கு நாற்பத்துமூன்று, கட்டுமரத்துக்குப் பதினாறு. இரண்டு பேருமாக அம்பலத்தடையார் மடத்து வீதியில் இருந்த முசே ராஜாங்கத்தின் வீட்டுக்குப் போனார்கள்.

முசே ராஜாங்கம் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் காபி குடிப்பார். தில்லையம்மாள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, “பதினாறு ஒனக்குப் போதலியா?” என்றார். “முப்பது வருஷத்துல நான் பதினாறு போட்டது மூணே பேருக்கு. நீ மூணாவது ஆளு.”

“போதும் முசே. ஆனா அவங்க அத நூறுக்குன்னு நெனச்சிக்கினாங்க. இருபதுக்குன்னு ஒரு வரி நீங்க எழுதிக் குடுத்தா போதும்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “நான் போடற மார்க்கு இருபதுக்குன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? சூரியன் கெழக்கால மொளைக்குதுன்னும் எழுதிக் கையெழுத்துப் போடட்டுமா? எனக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிச்சானுங்க. மொதப் பாராவுலயே ஆறு தப்பு. அதுக்கு மேல படிக்க முடியல. செவப்பு மையில திருத்தி, இருபதுக்கு எட்டுன்னு போட்டுத் திருப்பி அனுப்பிச்சிட்டேன்.”

நூற்றுக்கு மார்க்குப் போடச் சொன்ன வரி அந்தச் சுற்றறிக்கையின் இரண்டாவது பாராவில் இருந்திருக்கும் என்று தில்லையம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. இவர் மானம் இவருக்குப் பெரிசு. அந்த மானத்துக்கு ஆறு குடும்பம் விலையா? கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் ஊரில் நியாயமாகத் திருத்தியவர் இவர் ஒருவர்தான் என்பதும் உண்மை. அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

“உட்டுடலாம் தில்ல” என்றார் கலியபெருமாள். “அலஞ்சி என்னா ஆவப்போவுது?”

“நீங்க வராட்டி போங்கண்ணே. நான் உடமாட்டேன்” என்று அவள் முன்னால் நடந்தாள். அவர் இரண்டடி பின்னாலேயே வந்தார்.

கல்வி அலுவலகத்தில் இதைக் கவனித்த அதிகாரி பலராமன், சேலத்துக்காரர், இங்கே வந்து எட்டு மாசம் ஆகிறது. கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாற்காலி தேடி உட்காரச் சொல்வார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். அப்படிப்பட்டவர்களிடம் சண்டை போடுவதுதான் கஷ்டம். கலியபெருமாள் உட்காராமல் கதவோரமாகவே நின்றுகொண்டார்.

“அவரு எழுதிக் குடுத்தாரா?” என்றார் பலராமன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

“குடுக்கல சார்.”

“அப்புறம் நான் என்னம்மா பண்றது? பதினாறுன்னு இருக்கு. ரூல்ல நாப்பதுன்னு இருக்கு. நான் ரூலைப் பாக்கறதா, ஒங்க மொகத்தைப் பாக்கறதா?”

“பட்டியலைப் பாருங்க சார்” என்றாள் தில்லையம்மாள். “ரெண்டாவது தாளு. பதினாறு, பன்னண்டு, பதினொண்ணுன்னு எறங்குது. ஆறு பேர்ல ஒருத்தர்கூட இருபதைத் தாண்டல. மொதத் தாள்ல ஒருத்தர்கூட நாப்பதுக்குக் கீழ இல்ல. ஒரே ஊரு, ஒரே கேள்வி. இத டைப் அடிக்கும்போது யாருக்கும் ஒரு சந்தேகம்கூட வரலியா?”

பலராமன் பட்டியலை எடுத்துப் பார்த்தார். முதல் தடவையாக அப்போதுதான் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. டைப் அடித்து, வெள்ளிக்கிழமை மேலே போகத் தயாராக இருந்த பட்டியல் அது.

“என் விடைத்தாளைக் கொண்டாரச் சொல்லுங்க சார்.”

கொண்டுவந்தார்கள். ஓரத்தில் சிவப்பு மையில் நாலு, மூன்று, மூன்று, மூன்று, மூன்று என்று போட்டிருந்தது. தலைப்பில் ஒரு வட்டத்துக்குள் பதினாறு. பக்கத்தில் பிரெஞ்சில் இரண்டு வார்த்தை.

“இது என்ன எழுதியிருக்காரு?”

“மிகவும் நன்று, சார். பிரெஞ்சுல.”

பலராமன் தாளைப் படிக்கத் தொடங்கினார். கட்டுமரத்துப் பக்கத்தில் அவர் கண் நின்றது. “இது நம்ம கட்டுமரமா? நான் வேற ஏதோன்னு நெனச்சேன்” என்றார்.

“நம்ம கட்டுமரந்தான் சார். எங்கப்பா தெனமும் போறது. அதுக்கு நாலுக்கு நாலு போட்டிருக்காரு. நூறு மார்க்குப் பரீட்சைல ஒரு கேள்விக்கு இருபது. இவ்வளவு எழுதுனதுக்கு இருபதுக்கு நாலு மார்க்கா? நீங்களே படிங்க, படிச்சிட்டுச் சொல்லுங்க.”

அவர் படித்தார். பூனை, நாய் இருந்த பக்கத்தையும் படித்தார். கைடு புத்தகம் அவர் மேஜைமேலேயே இருந்தது. அதைக் கையால் ஒருபுறம் தள்ளிவைத்தார். பிறகு தாளை மூடி, கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இதோ பாருங்கம்மா. நீங்க கெட்டிக்காரங்க. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா ஆறு பேரு ஃபெயில்னு மேல வாயால சொல்லியாச்சு. இப்ப ஆறையும் திருத்துனா, மொதல்லயே ஏன் பாக்கலன்னு என்னைத்தான் கேப்பாங்க. ஒண்ணு செய்யறேன். கிரேஸ் மார்க் போட எனக்கு அதிகாரம் இருக்கு. ஒங்களுக்கு மட்டும் இருபத்துநாலு போட்டு நாப்பதாக்கிடறேன். வேலை போகாது. சந்தோஷமாப் போய்ட்டு வாங்க.”

வேலை போகாது. அம்மாவிடம் போய்ச் சொல்லலாம். தெருவில் கொடுத்த பூந்தியைத் திரும்பக் கேட்க வேண்டாம். ஒரு தலையசைப்புப் போதும். தில்லையம்மாள் அசைக்கவில்லை. கிரேஸ் என்ற அந்த வார்த்தை அவளைக் குத்தியது.

“சார், கிரேஸ்னா என்னான்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“சலுகைதான். கருணைன்னு வச்சிக்கங்களேன்.”

“அதுவும் எங்க வார்த்தைதான் சார். கிராஸ்னு சொல்லுவோம். பிரெஞ்சுக்காரன் இருந்தப்ப கொலை பண்ணவன் மரண தண்டனைக்குத் தப்பிக்கணும்னா பாரீசுக்கு ஒரு மனு போடுவான், கிராஸ் குடுங்கன்னு. குத்தம் பண்ணவனுக்குக் குடுக்கற மன்னிப்பு அது. நான் என்னா குத்தம் பண்ணேன்? நூத்துக்கு எம்பது வாங்குனது குத்தமா? எம்பதைத் திருடிக்கினு, நாப்பதைப் பிச்சையாப் போடறீங்களே, அத நான் கும்புட்டு வாங்கிக்கினு போவணுமா? வாயை மூடிக்கினு இருக்கறதுக்குத்தான அந்த நாப்பது? மத்த அஞ்சு பேரு என்னா ஆவறது?”

இவ்வளவு பேசுவாள் என்று அவளே நினைத்திருக்கமாட்டாள். பேசியதோடும் நிற்கவில்லை. மேஜையில் இருந்த பலராமனின் பேனாவை எடுத்தாள், பட்டியலைத் தன் பக்கம் திருப்பினாள், பதினாறுக்குப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து இருபது என்று எழுதினாள். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் இருபது. பதினொன்றுக்குப் பக்கத்தில் இருபது. ஆறு வரியிலும் எழுதி முடித்துத்தான் பேனாவைக் கீழே வைத்தாள்.

“கவர்மென்ட் காகிதத்துல கை வைக்கிறீங்களே” என்றார் பலராமன். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“தப்பா இருந்துச்சு, திருத்திட்டேன். எங்க வேலையே அதுதான் சார். வேணும்னா எம் பேருல ரிப்போர்ட் எழுதுங்க. எதுக்காகத் திருத்துனேன்னும் சேத்து எழுதுங்க.”

அப்படி ரிப்போர்ட் எழுதினால் யார் தலை உருளும் என்று பலராமனுக்குத் தெரியாதா? புது மையை அழிக்கவும் முடியாது. இனி எப்படியும் திரும்ப டைப் அடிக்க வேண்டும், அடிக்கும்போது சரியாக அடித்துவிடுவதுதான் அவருக்கும் நல்லது. அவர் உட்கார்ந்தார். பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாக ஐந்தால் பெருக்க ஆரம்பித்தார். எண்பது. அறுபது. ஐம்பத்தைந்து. ஐம்பது. நாற்பத்தைந்து. தில்லையம்மாளுக்கு ஒவ்வொரு எண்ணுக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது.

கடைசி வரியில் பென்சில் நின்றது. “இவருக்கு ஏழு” என்றார் பலராமன். “ஏழஞ்சு முப்பத்தஞ்சு. ஒங்க கணக்குலயும் இவரு ஃபெயில்தாம்மா.”

தில்லையம்மாள் குனிந்து பெயரைப் படித்தாள். கலியபெருமாள். ஒருவரும் இருபதைத் தாண்டவில்லை என்று மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாளே தவிர, அடியில் இருந்த ஏழை அவள் ஏழாகப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்திருப்பார். கணக்கு வாத்தியார், ஒட்டின அன்றைக்கே பெருக்கியும் பார்த்திருப்பார். விட்டுவிடலாம் என்று வழியில் அவர் சொன்னது அதனால்தான். இரண்டடி பின்னாலேயே வந்ததும் அதனால்தான்.

கதவோரத்திலிருந்து கலியபெருமாள் ஓரடி முன்னால் வந்தார். அவளைப் பார்க்கவில்லை. “சார்” என்றார். “இப்ப ஒண்ணு சொன்னீங்களே, கிரேஸ். அத எனக்குக் குடுத்தா நான் வாங்கிக்கிறேன் சார். எனக்கு அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல. நாலு புள்ளைங்க.”

இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன். அவரிடம் படித்தவர்கள் இன்று பாங்கியிலும் துறைமுகத்திலும் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார்கள். கர்ஃப்யூவுக்கும் வெண்டைக்காய்க்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் அவருடைய ஏழஞ்சு தப்பாகிவிடுமா? தில்லையம்மாளுக்கு அங்கே அந்த மேஜையைக் கவிழ்த்துவிட வேண்டும் போல இருந்தது. அதைவிட, இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் தான் பேசிய பேச்சைத் தன் வாயோடு பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. அந்தப் பேச்சை அவரும் அந்தக் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தார்?

பலராமன் பேனாவை எடுத்துக்கொண்டார். எழுதவில்லை. கலியபெருமாளைப் பார்க்காமல் தில்லையம்மாளைப் பார்த்தார். இத்தனை நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அவருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைத்துவிட்டது.

“என்னம்மா, போடட்டுமா? குத்தம் பண்ணவனுக்குத்தான் கிரேஸ்னு இப்பதான் சொன்னீங்க. இவரு என்ன குத்தம் பண்ணாரு?”

கலியபெருமாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தில்லையம்மாள் அவரைப் பார்த்தாள், பிறகு பலராமனைப் பார்த்தாள்.

“இங்கிலீஷ் தெரியாததுதான் சார்” என்றாள். “அது குத்தம்னு சட்டம் போட்டது நீங்க. நாலு வருஷத்துக்கு முந்தி இந்த ஊர்ல அது குத்தம் இல்ல. நீங்கதான் குத்தம் ஆக்குனீங்க, நீங்களே மன்னிச்சி உட்டுடுங்க.”

பலராமன் பட்டியல்மேல் குனிந்தார். ஆறாவது வரியில் கிரேஸ் ஐந்து என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டார். கலியபெருமாள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி அந்த மனுஷனைக் கும்பிட்டார். எண்பது மார்க்கு வாங்கியவள் அதைப் பார்க்கச் சகிக்காமல் படியிறங்கி வெளியே வந்துவிட்டாள்.